ஆடியன்ஸ் டேப்பைக் கேட்பது எப்படி? முதல் முறை உட்காருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ராக் கச்சேரியில் கூட்டத்துக்கு நடுவே நின்று, ஒரு ரசிகர் தன் சொந்த மைக்கில் பிடித்த பதிவுக்குத்தான் ஆடியன்ஸ் டேப் என்று பெயர். அதை முதன்முதலாகப் போட்டுக் கேட்பவர்களில் பலர் மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். "ஒரே இரைச்சல், பாட்டே கேட்கவில்லை" என்பார்கள். நிறுத்தாதவர்கள் உடனே ஒலியின் பகுதிகளை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரைத் திறந்து ட்ரெபிளை, அதாவது கூர்மையான மேல் ஒலிகளை, ஏற்றுவார்கள். அரை மணி நேரத்தில் காது களைத்துப்போய் அவர்களும் எழுந்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இரண்டு தரப்புக்கும் சிக்கல் ஒன்றுதான்: அந்த மைக் அரங்கத்தில் எங்கே இருந்தது என்று தெரியாமலே கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஸ்டூடியோவில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி மைக் உண்டு. இங்கே மேடை, ஸ்பீக்கர், சுவர், கூட்டம் எல்லாமே ஒரே ஒரு இருக்கையிலிருந்து பிடிக்கப்பட்டவை. அந்த இருக்கையைக் கண்டுபிடித்துவிட்டால் இரைச்சல் தானாகப் பிரிந்து தன் தன் இடத்தில் போய் உட்காரும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். வரிசையை மாற்றினால் பலன் பாதியாகக் குறைகிறது, அதனால் இந்த ஒழுங்கிலேயே போங்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் நேரம். ஒரு முழுக் கச்சேரி இரண்டு மணி நேரம், சில குழுக்களுக்கு மூன்று மணி நேரம். இடையில் எழுந்து போக வேண்டியிராத நாளாகப் பாருங்கள்.

காதை முழுக்க மூடும் ஹெட்போன் வேண்டும். இந்தப் பதிவுகளிலேயே ஒரு அரங்கத்தின் எதிரொலி இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் உங்கள் அறையின் எதிரொலியும் அதன் மேல் ஏறிக்கொள்ளும், எது எந்த அறை என்று புதியவர் காதுக்குப் பிரிக்கத் தெரியாது. பழகிய பிறகு ஸ்பீக்கருக்குப் போகலாம்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இடைவெளி விடாமல் ஓட்டும் பிளேயர் கட்டாயம். கைதட்டலும் கூச்சலும் ஒரே ஓட்டமாக இருக்கும்போது, டிராக் மாறும் இடத்தில் அரை நொடி மௌனம் விழுந்தால், கஷ்டப்பட்டு உள்ளே போன மனம் வெளியே வந்துவிடும்.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம், போனில் ஒரு கிட்டார் ட்யூனர், கணினியில் ஒலிக் கோப்புகளைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் ஆடாசிட்டி மென்பொருள். ஆடாசிட்டி இலவசம்தான்.

சரி, டேப்புக்கு எங்கே போவது? பதிவு செய்ய அனுமதித்த குழுக்களில் தொடங்குங்கள். அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் 1984-ல் டேப் எடுப்பவர்களுக்கென்று அரங்கத்தில் தனிப் பகுதியே ஒதுக்கியது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் நேரடி இசைத் தொகுப்பில், அனுமதி தந்த குழுக்களின் பதிவுகளை மட்டுமே வைத்திருக்கிறார்கள். அங்கே கிரேட்ஃபுல் டெட்டின் ஆடியன்ஸ் டேப்புகளை இறக்கிக்கொள்ளலாம். குழு அனுமதிக்காத பதிவுகளின் சட்ட நிலை நாட்டுக்கு நாடு மாறும், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் காசு கொடுத்து வாங்காதீர்கள், விற்காதீர்கள். டேப் எடுத்தவர்கள் தங்களுக்குள் காலம்காலமாக வைத்திருக்கும் ஒழுங்கு அது.

2. கூட வந்த குறிப்பைப் படியுங்கள்

நல்ல பதிவோடு ஒரு சிறிய எழுத்துக் கோப்பு வரும். புதியவர்கள் அதைத் திறப்பதே இல்லை. முதலில் திறக்க வேண்டியது அதுதான். தேதி, அரங்கம், பாட்டு வரிசை, மைக், ரெக்கார்டர், அப்புறம் அந்த ஒலி கடந்துவந்த பாதை எல்லாம் அதில் இருக்கும். பாதை இப்படி எழுதப்பட்டிருக்கும்: மைக் ஜோடி, அங்கிருந்து கேசட் மாஸ்டர் (கச்சேரியிலேயே பதிந்த முதல் கேசட்), அங்கிருந்து கேசட் நகல், அங்கிருந்து கணினி, கடைசியில் ஃபிளாக் (தரத்தைக் குறைக்காத ஒலிக் கோப்பு).

இதில் எண்ண வேண்டியது கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போன தாவல்களை. அப்படி ஒவ்வொரு தாவலிலும் உஸ்ஸென்ற இரைச்சல் கொஞ்சம் கூடும், ட்ரம்ஸில் உள்ள சிம்பல் தட்டின் பளபளப்பு கொஞ்சம் குறையும். கணினியிலிருந்து கணினிக்கு, தரத்தைக் குறைக்காத கோப்பாகப் போன தாவல்களால் நஷ்டம் இல்லை. மாஸ்டரிலிருந்து நேராக வந்ததா, மூன்றாம் கை நகலா என்று தெரிந்திருந்தால், மந்தமான ஒலிக்கு அரங்கத்தைக் குறை சொல்வதா நகலைக் குறை சொல்வதா என்று புரியும்.

டால்பி என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேசட்டின் உஸ்ஸைக் குறைக்கும் முறை அது. டால்பி போட்டுப் பதிந்த கேசட்டை டால்பி இல்லாமல் ஓட்டி நகல் எடுத்திருந்தால், ஒலி கூசும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டியிருந்தால், கம்பளியைப் போர்த்தியது போல இருக்கும்.

குறிப்பை அப்படியே நம்பவும் வேண்டாம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1966 மே 17 அன்று மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் ஹாலில் பாடிய கச்சேரி, பல வருடங்கள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்ற பெயரில்தான் கைமாறிக்கொண்டிருந்தது. அத்தனை புகழ்பெற்ற பதிவுக்கே அந்தக் கதி. ஆகவே தேதியையும் இடத்தையும் நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். கேட்டு முடித்த பிறகு உறுதி செய்யலாம்.

3. கோப்பைச் சோதியுங்கள், தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீர்கள்

ஆடாசிட்டியில், எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றி ஒரு பாட்டைத் திறங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அளவுகோல் வைத்து வெட்டியது போல எல்லாம் இருண்டிருந்தால், இடையில் யாரோ தரத்தைக் குறைத்துச் சுருக்கும் எம்பி3 ஆக்கித் திரும்ப ஃபிளாக் ஆக்கியிருக்கலாம். கேசட்டாக இருந்தால் அந்த எல்லை இப்படி நேர்கோடாக இருக்காது, மேலே போகப் போக மெல்லக் கரையும்.

இங்கேதான் கொஞ்சம் கற்றவர்கள் தடுக்கி விழுகிறார்கள். டாட் என்ற டிஜிட்டல் கேசட்டில் நீண்ட நேரம் பதிவதற்காக 32 கிலோஹெர்ட்ஸ் முறையில் எடுத்திருந்தால், அதுவும் 16 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே நின்றுவிடும். மினிடிஸ்க் என்ற சிறு வட்டு ரெக்கார்டர் தன் இயல்பிலேயே ஒலியைச் சுருக்கிப் பதிவது, அதன் படமும் ஏறக்குறைய இப்படித் தெரியும். குறிப்பில் உள்ள ரெக்கார்டரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே போலி என்று சொல்லுங்கள். போலி என்றாலும் அந்தக் கச்சேரிக்கு வேறு பதிவே கிடைக்காவிட்டால் நான் அதைக் கேட்பேன்.

4. வேகத்தைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம். தாண்டினால் மற்ற எல்லாப் படியும் தப்பாகப் போகும். சுருதி பிசகிய பதிவில் பாடகரின் குரல் வேறு யாருடையதோ போல இருக்கும், ட்ரம்மர் அவசரப்படுவது போலத் தோன்றும். கேட்பவர் அதைக் கச்சேரியின் குறையாக எண்ணிவிடுவார்.

கையில் தூக்கிப் போகும் ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமாகக் கேட்கும். அதனால்தான் பல டேப்புகளில் முதல் பாட்டு சரியாக இருந்து, கடைசிப் பாட்டுக்குள் சுருதி மெல்ல ஏறியிருக்கும். ஆகவே ஒரு இடத்தில் மட்டும் சோதித்தால் போதாது. தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்திலாவது பாருங்கள்.

சோதிக்கும் முறை இது. கிட்டார் தனியாக ஒரே ஸ்வரத்தை நீட்டும் இடத்தைத் தேடி, ட்யூனரைப் பக்கத்தில் வையுங்கள். முள் ஏதாவது ஒரு ஸ்வரத்தின் மேல் நின்றால் நல்லது. இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே எங்கோ நின்றால் வேகம் பிசகியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு செமிடோன், அதாவது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரத்துக்கு இடையிலான தூரம், ஏறத்தாழ 6 சதவீத வேகம். 3 சதவீதம் கூடினாலே முள் இரண்டு ஸ்வரத்துக்குச் சரியாக நடுவில் நிற்கும், கேசட்டின் 45 நிமிடப் பக்கம் 44 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இன்னொரு சாட்சி மின்சாரம். பாட்டுக்கு இடையே ஆம்ப்ளிஃபயர் 'உம்' என்று முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த முனகல் மின் இணைப்பின் அலைவரிசையிலும் அதன் மடங்குகளிலும் இருக்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50. ஸ்பெக்ட்ரோகிராமில் அந்த முனகல் ஒரு கோடாகத் தெரியும். அமெரிக்கக் கச்சேரியில் அந்தக் கோடு 61.8-ல் நின்றால் டேப் 3 சதவீதம் வேகம். ஆனால் பிற்பாடு நகல் எடுத்த வீட்டின் முனகலும் டேப்பில் ஏறியிருக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு தெரிந்தால் அதுதான் காரணம். கைதட்டலுக்கு முன் ஆம்ப்ளிஃபயர் உயிர்பெறும் நொடியில் எந்தக் கோடு தொடங்குகிறது என்று பாருங்கள். அதுவே மேடையுடையது.

திருத்தும்போது வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கருவியை எடுங்கள். ஆடாசிட்டியில் அது 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்'. சுருதியை மட்டும் மாற்றும் கருவியை எடுத்தால் தாளம் பழைய தப்பான வேகத்திலேயே ஓடும், போதாததற்கு ஒலியில் ஒரு தண்ணீர்த்தன்மை வந்து ஒட்டிக்கொள்ளும். மூலக் கோப்பைத் தொடாதீர்கள், நகலில் மட்டும் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை, பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு பதிவு முழுக்க ஒரு செமிடோன் இறங்கியிருந்ததைப் பார்த்து, வேகம் குறைவு என்று முடிவு கட்டி 6 சதவீதம் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, பாடகர் கூட்டத்தோடு பேசும் இடத்தைக் கேட்டபோதுதான் உறைத்தது. பேச்சு மெலிந்து, அவசரமாக ஓடியது. அந்தக் குழு கிட்டார்களையே ஒரு செமிடோன் இறக்கித்தான் கட்டியிருந்தது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் உட்படப் பலரும் அப்படிக் கட்டியது உண்டு. அதிலிருந்து, ட்யூனர் என்ன சொன்னாலும் மேடைப் பேச்சைக் கேட்டு ஒத்துப்பார்க்காமல் நான் வேகத்தில் கை வைப்பதில்லை. பாட்டில் ஏமாறலாம், மனிதப் பேச்சில் காது ஏமாறாது.

5. இடமும் வலமும்

ஹெட்போனில் ஒரு நிமிடம் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் கேபிள் ஆடியிருக்கலாம், மைக் துணியால் மூடியிருக்கலாம். மங்கல் நீடித்தால் நல்ல பக்கத்தை இரண்டு காதுக்கும் அனுப்பிவிடுங்கள். பாதி ஊமையான ஸ்டீரியோவைவிட முழு மோனோ எவ்வளவோ மேல்.

அடுத்து பிளேயரை மோனோவுக்கு மாற்றிப் பாருங்கள். பாஸும் குரலும் சட்டென்று காணாமல் போனால், ஒரு சேனல் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. ஒன்றை மட்டும் புரட்டினால் சரியாகிவிடும். இந்தக் குறை உள்ள பதிவை அப்படியே கேட்டால் ஒலி தலைக்குள் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் மயக்கம் வருவது போல இருக்கும். பலர் காரணம் தெரியாமல் ஹெட்போனைக் கழற்றி வைப்பது இதனால்தான்.

6. ஒலி அளவை வைத்துவிட்டுக் கையை எடுங்கள்

அளவை வைக்கப் பாட்டைப் பார்க்காதீர்கள், கைதட்டலைப் பாருங்கள். மைக்குக்குப் பக்கத்தில் நின்றவர் தட்டினால் அது இசையைவிடப் பல மடங்கு உரக்க விழும். முதல் பாட்டு முடியும் இடத்துக்குப் போய், கைதட்டல் காதைக் குத்தாத அளவில் வையுங்கள். பாட்டு கொஞ்சம் தாழ்வாகத்தான் தெரியும். இருக்கட்டும். வரிகள் புரியவில்லை என்று அளவை ஏற்றினால், அடுத்த கைதட்டல் காதைத் தாக்கும், பயத்தில் குறைப்பீர்கள், திரும்ப ஏற்றுவீர்கள். ஏற்றி இறக்கும் காது எதற்கும் பழகாது.

7. முதல் பதினைந்து நிமிடம்: மைக் எங்கே இருந்தது?

இந்தப் பதினைந்து நிமிடத்தில் பாட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரே கேள்வி: நான் எங்கே நிற்கிறேன்?

ட்ரம்ஸில் தொடங்குங்கள். ஸ்நேர், அதாவது பளிச்சென்று அறையும் சிறு ட்ரம், ஒரே அடியாக விழுகிறதா, 'டப்-டப்' என்று இரண்டாக விழுகிறதா? இரண்டாக விழுந்தால் பின்னாலோ பக்கத்திலோ ஒரு சுவர் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். இரண்டு அடிக்கும் இடையே 0.12 நொடி என்றால் ஒலி 40 மீட்டர் கூடுதலாக நடந்திருக்கிறது. பின்சுவர் மைக்கிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் தள்ளி என்று அர்த்தம். ஆடாசிட்டியில் அந்த அலையைப் பெரிதாக்கினால் இரண்டு முட்களையும் கண்ணாலேயே பார்க்கலாம். ஒருமுறை இதை அளந்து பார்த்தவர்களுக்கு அதுவரை கசகசவென்றிருந்த ஒலி ஒரு கட்டடமாக மாறுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்து பேச்சு. யாருடைய பேச்சு சொல் சொல்லாகக் கேட்கிறது? அவர்தான் பக்கத்தில் இருப்பவர். டேப் எடுப்பவர் பெரும்பாலும் பேசவே மாட்டார், மூச்சைக்கூட அடக்கித்தான் நிற்பார். நண்பர்களைப் பேசாதே என்று அடக்கும் 'உஷ்' மட்டும் கேட்கும். பக்கத்துக் குரல்கள் ஒரே காதில் வருகின்றனவா, பின்னாலிருந்தா என்று கவனியுங்கள். சில பதிவுகளில் திடீரென்று மொத்த மேடையும் இடமிருந்து வலமாகச் சுழலும். மைக்கைத் தொப்பியிலோ மூக்குக் கண்ணாடியிலோ பொருத்தியவர் தலையைத் திருப்பியிருக்கிறார், அவ்வளவுதான். பழுது என்று பயப்பட வேண்டாம்.

மூன்றாவதாக, கைதட்டல் எழும்போது ட்ரம்ஸ் உள்ளே அமிழ்ந்து, ஒன்றிரண்டு நொடி கழித்து மேலே வருகிறதா? ரெக்கார்டர் தானாக அளவைச் சரிசெய்யும் வகை. அதில் அமைதியான பாட்டில் இரைச்சல் ஏறும், உரத்த பாட்டில் எல்லாம் நசுங்கும். குழு ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஏற்ற இறக்கத்தை ரெக்கார்டர் மழித்துவிட்டது.

இதையெல்லாம் பழக ஒரு நல்ல பாடம், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழு 1970 ஆகஸ்ட் 23 அன்று நியூயார்க்கின் மேக்ஸஸ் கான்சாஸ் சிட்டி இரவு விடுதியில் வாசித்த பதிவு. பிரிஜிட் போல்க் என்பவர் ஒரு கையடக்கக் கேசட் ரெக்கார்டரில் எடுத்தது, 1972-ல் முறையாகவே வெளியானது, ஆகவே சங்கடமில்லாமல் வாங்கிக் கேட்கலாம். பாட்டுகளுக்கு இடையே கவிஞர் ஜிம் கரோல் மது கேட்பது தெளிவாகக் காதில் விழும். மேடைக்கும் மேசைக்கும் எவ்வளவு தூரம் என்று அந்தக் குரலையும் ட்ரம்ஸையும் வைத்தே கணித்துப் பாருங்கள். ட்ரம்ஸைக் கேட்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வழக்கமாக வாசிக்கும் மோ டக்கர் அப்போது கர்ப்பமாக இருந்ததால், குழுவில் இருந்த டக் யூலின் தம்பி பில்லி வாசித்தார். தாளம் மாறித் தெரிந்தால் அதற்குப் பதிவு காரணமில்லை.

8. எந்த வாத்தியத்தை முதலில் பிடிப்பது

இருக்கை தெரிந்துவிட்டது. இனி இசைக்குள் போகலாம். நான் சொல்லும் வரிசை ஸ்நேர், குரல், கிட்டார், கடைசியில் பாஸ்.

ஸ்நேர் குறுகிய, கூர்மையான ஒலி. எதிரொலிக்கு நடுவிலும் அதன் முனை மழுங்காது. அதைப் பிடித்துக்கொண்டால் தாளம் கையில் வந்துவிடும். குரல் அரங்கத்தின் ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவது, அதனால் அடுத்தது அது. வரிகளைத் துரத்தாதீர்கள், ராகத்தின் போக்கை மட்டும் பிடியுங்கள். வார்த்தைகள் நாலைந்து பாட்டுக்குப் பிறகு தாமே தெளியும்.

பாஸில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். பெரிய அரங்கத்தில் கூட்டம் நிறைந்திருக்கும்போது, மனித உடலும் உடையும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிவிடும். அடித்தளத்து ஒலியை அந்த அளவுக்கு உறிஞ்சாது. ஒரு பாஸ் ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்த இரண்டு வந்து அதன் மேல் விழுகின்றன. ஆகவே அடியிலுள்ள முழக்கத்தைக் கேட்காமல், விரலோ பிக்கோ (கம்பியை மீட்டும் சிறு வில்லை) கம்பியில் படும் அந்த 'டக்' ஒலியைக் கேளுங்கள். அது மேல் ஸ்தாயியில் இருக்கிறது. அதைத் தொடர்ந்தால் முழக்கத்துக்குள் இருக்கும் ஸ்வரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

மிக்ஸிங் மேசையிலிருந்து நேராக எடுத்த சவுண்ட்போர்டு பதிவுதான் உயர்ந்தது என்று புதியவர்கள் சொல்லக் கேட்கிறேன். சிறிய இரவு விடுதிகளில் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் ட்ரம்ஸும் மேடையிலிருந்தே போதுமான அளவு உரக்க வரும். குரலுக்குத்தான் ஸ்பீக்கர் தேவைப்படும். அதனால் அந்த மேசைப் பதிவில் குரல் மலை போலவும் கிட்டார் எறும்பு போலவும் இருக்கும். அன்றிரவு அறையில் இருந்தவர்கள் கேட்ட சமநிலை ஆடியன்ஸ் டேப்பில்தான் இருக்கிறது. எனக்கு இரண்டும் கிடைத்தால், முதலில் எடுப்பது ஆடியன்ஸ் டேப்பை.

9. முழுவதும் ஒரே மூச்சில்

இப்போது தொடக்கத்துக்குத் திரும்பி, கச்சேரி முழுவதையும் கேளுங்கள். பாட்டைத் தாண்டாதீர்கள், வாத்தியம் சுருதி கூட்டும் இடத்தையும் தாண்டாதீர்கள். கூட்டத்தின் மனநிலை அங்கேதான் மாறுகிறது. எந்தப் பாட்டுக்குக் கூச்சல் எழுந்தது, எதற்கு மக்கள் பேச ஆரம்பித்தார்கள் என்பதெல்லாம் தாண்டியவர்களுக்குக் கிடைக்காது.

அதே பாட்டின் ஸ்டூடியோ வடிவத்தை அன்றைக்குக் கேட்காதீர்கள். தெரியாத பாட்டாக இருந்தால் முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உடனுக்குடன் ஒப்பிட்டால் காது பழகிய பழக்கம் கலைந்து, திரும்பவும் முதல் நிமிடத்து இரைச்சலில் வந்து நிற்பீர்கள்.

10. இரண்டாம் தடவை, நோட்டோடு

ஓரிரு நாள் விட்டுக் கேளுங்கள். இப்போது நேரத்தையும் கேட்டதையும் எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்: "31:10 சிறு வெட்டு, ஒரு அடி காணோம். 38:00 பின்னால் ஒரு பெண் பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். 44:50 பாட்டு முடியும் முன் துண்டிப்பு, அடுத்த பாட்டின் நடுவில் தொடக்கம். அதன் பின் ஒலி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது."

இதை இப்படிப் படிக்க வேண்டும். சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். 44:50-ல் விழுந்த துண்டிப்பு, டேப் எடுத்தவர் கேசட்டைத் திருப்பிய இடம். இருட்டில் திருப்பும்போது அவர் கை நகர்ந்திருக்கிறது, அதனால்தான் சாய்வு. 31:10-ல் உள்ள வெட்டுக்கு அப்படி ஒரு காரணம் பொருந்தவில்லை. பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் சி-60-ல் நகல் எடுத்தவர் யாரோ பக்கம் மாற்றியிருக்கலாம். ஆக, மாஸ்டர் என்று குறிப்பு சொன்னாலும் நடுவில் ஒரு நகல் இருந்திருக்க வாய்ப்புண்டு. பென்சிலால் எழுதியது இதற்காகத்தான்.

ஒலியின் நிறம் ஒரு பாட்டுக்கு நடுவே திடீரென்று மாறி, ஒரு நிமிடத்தில் பழையபடி ஆனால், விடுபட்ட இடத்தை வேறொருவரின் டேப்பிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

11. ஈக்வலைசரைத் தொடுவது இப்போதுதான்

இரண்டு தடவை கேட்ட பிறகும் ஒன்று உறுத்தினால் மாற்றலாம். பிளேயரில் மாற்றுங்கள், கோப்பில் வேண்டாம். ஏற்றுவதைவிடக் குறைப்பதே பலன் தரும். அரங்கத்தின் முழக்கம் பெரும்பாலும் 150 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் குவிந்திருக்கும். அங்கே 2 அல்லது 3 டெசிபல் குறைத்தால், குரலைத் தொடாமலேயே குரல் முன்னுக்கு வரும். ட்ரெபிளை ஏற்றினால் சிம்பலோடு கேசட்டின் உஸ்ஸும் சேர்ந்து ஏறும், காது களைப்பது அதனால்தான்.

இரைச்சல் நீக்கும் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். அரங்கத்தின் எதிரொலி அடங்கும் கடைசி நுனி, இரைச்சலுக்குள்தான் இருக்கிறது. இரைச்சலைத் துடைத்தால் அந்த நுனியும் போய்விடும், சுவர்கள் மறையும், ஏழாம் படியில் தேடிப் பிடித்த இருக்கை காணாமல் போகும்.

12. அதே இரவின் இன்னொரு டேப் கிடைத்தால்

முதலாவதை நன்றாகப் பழகிய பிறகே இரண்டாவதைத் திறங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிக் கேட்டால் எது தெளிவு என்ற போட்டியாகிவிடும். தெளிவு குறைந்த டேப்பில்தான் சில நேரம் பாஸ் துல்லியமாக இருக்கும், மைக் வேறு இடத்தில் இருந்ததால். முதல் டேப்பில் 44:50-ல் காணாமல் போன அந்தப் பாட்டு முடிவைத் தேடிப் பாருங்கள். இரண்டாமவர் வேறு நிமிடத்தில் பதிவைத் தொடங்கியிருந்தால் அவருடைய திருப்பம் வேறு இடத்தில் விழுந்திருக்கும், விடுபட்டது முழுதாகக் கிடைக்கும்.

வேகம் திருத்திய நகலை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், எத்தனை சதவீதம், எந்த நிமிடத்திலிருந்து, எதை ஆதாரமாக வைத்து என்று அந்த எழுத்துக் கோப்பின் அடியில் ஒரு வரி சேருங்கள். மேலே இருக்கும் பழைய வரிகளை அழிக்காதீர்கள், தப்பு என்று தெரிந்த வரியாக இருந்தாலும்.